பதாகத்துக்கு நிற்கும் நாய்

நாய் தெரிவு செய்வதில் நான் பிழை விட்டதே கிடையாது. ஒரு தரம் விட்டேன் என்று என் மனைவி சந்திரகாந்தி சொல்லுவாள். அது நான் விட்ட பிழை அல்ல, எவர்சில்வர் தட்டு விட்ட பிழை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். வாசித்துவிட்டு நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கோ.

இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு, ஒக்டோபர் மாதம். ஜேர்மனியில், ஹம் நகரத்தின் ஓரத்தில், கால்வாய்ப் பக்கமாக எங்கள் வீடு. கம்பித் தொழிற்சாலையில் இருந்து ஓய்வு பெற்று எனக்கு ஆறு மாதம் ஆகியிருந்தது. ஆறு மாதம் வீட்டில் சும்மா இருந்த மனுசனை எந்த மனைவியும் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருக்க விரும்பமாட்டாள் என்பதும் தெரியவந்திருந்தது. கால்வாய்க் கரை முழுக்க முயல். தபால்காரன் வந்தால் எழும்பி வழிவிடாத முயல்கள். ஒருநாள் என்னுடைய மிளகாய்க் கன்றைத் தின்ற முயல் ஒன்று, காரம் தாங்காமல் எங்கள் கதவு மணியை அடித்துத் தண்ணீர் கேட்டது. கேட்டது என்றால் வாயால் அல்ல, பார்வையால்.

"உங்களுக்கு ஒரு வேட்டை நாய் தேவை அண்ணை" என்றான் மகேந்திரராஜா. எனக்குப் பத்து வயது இளையவன். பாண் லொறி ஓட்டுபவன். ஊன்ட்றொப் கோயில் தேருக்கு வடம் பிடிக்கும்போது முன்னுக்கு நிற்பான். வேறு எந்த அலுவலிலும் அப்படித்தான், கேட்காமலே முன்னுக்கு நிற்பான். பாடர்போர்ன் பக்கம் பிரித்தானிய இராணுவ முகாமுக்கு அவன்தான் பாண் கொண்டுபோவது. அங்கே ஒரு சார்ஜண்டின் வீட்டில் ஆறு குட்டிகள் இருப்பதாகச் சொன்னான்.

அடுத்த சனிக்கிழமை இரண்டு பேரும் போனோம். நான் கையோடு ஒரு எவர்சில்வர் தட்டும் கரண்டியும் கொண்டுபோனேன்.

"உதென்னத்துக்கு அண்ணை? சாப்பாடு தருவாங்கள் எண்டு நினைச்சியளோ?"

"பேசாமல் காரை ஓட்டு."

சார்ஜண்ட் சிவத்த மீசைக்காரர். சொந்த ஊர் ஸ்கொட்லாந்து எல்லையாம். தேத்தண்ணி தந்து, நாயைப் பற்றி ஒரு மணித்தியாலம் பேசினார். "கிரேஹவுண்டுக்குக் கால் இருக்கிறது. செம்மறி மேய்க்கிற கோலிக்கு மூளை இருக்கிறது. இரண்டையும் கலந்தால், ஓடவும் தெரிந்த, ஏன் ஓடுகிறோம் என்றும் தெரிந்த நாய் வரும். லர்ச்சர் என்று பேர். கிரேஹவுண்ட் ஓடத் தொடங்கினால் திரும்பிப் பார்க்காது. கோலி இரத்தம் உள்ளது பத்துப் பாய்ச்சலுக்கு ஒரு தரம் எசமானைத் திரும்பிப் பார்க்கும். அந்தப் பார்வைக்காகத்தான் இந்தக் கலப்பு."

"கலப்பு மாறிப் பிடிச்சால்?" என்று கேட்டேன்.

"கோலியின் காலும் கிரேஹவுண்டின் மூளையும் வரும். அப்படி ஒன்று எனக்கு மேலதிகாரியாக இருக்கிறது."

நெஞ்சு ஆழமாக இருக்கவேண்டும், பாதம் பூனைப் பாதம் போல இறுகி இருக்கவேண்டும், முள்ளுக்குத் தாங்கும் மாதிரி மயிர் கொஞ்சம் முரடாக இருக்கவேண்டும், ஒரு வயது ஆகுமட்டும் உயரத்தில் இருந்து குதிக்க விடக்கூடாது என்றெல்லாம் சொன்னார். நான் மரியாதைக்குத் தலையாட்டினேன். எனக்கு என்னுடைய முறை இருக்கிறது. முதலில் அண்ணம் கறுப்பா என்று பார்ப்பது. பிறகு பிடரியில் பிடித்துத் தூக்குவது, கத்தினால் தள்ளுபடி. கடைசியாக, குட்டிகள் படுத்திருக்கும்போது பின்னால் நின்று தட்டை அடிப்பது. ஓடுகிறவன் கோழை, நிற்கிறவன் வீரன்.

அடித்தேன். ஐந்து குட்டிகள் ஐந்து திசைக்குப் பறந்தன. ஒன்று மகேந்திரராஜாவின் காற்சட்டைக்குள் போக முயன்றது. ஆறாவது, வெள்ளை வெளேரென்று, ஒரு காதில் மட்டும் சாம்பல் புள்ளி வைத்தது, அசையாமல் நித்திரை கொண்டது. இன்னும் கிட்டப் போய் அடித்தேன். ஒரு கண்ணைக்கூடத் திறக்கவில்லை.

"அண்ணை, உது செத்துப்போச்சுப் போல."

"டேய், இவன்தான் வீரன். பீரங்கிக்கும் அசையமாட்டான்."

சார்ஜண்ட் தலையைச் சொறிந்தார். "அதை விடு. தாயும் தகப்பனும் இரண்டுமே சாம்பல் புள்ளிக்காரர். அப்படிச் சேர்ந்தால் இப்படி வெள்ளையாக ஒன்று வரும். அது உனக்குச் சரிவராது" என்றார்.

யாவாரி ஒரு சாமானைக் காட்டி 'இது வேண்டாம்' என்றால் என்ன அர்த்தம்? தனக்கு ஒளித்து வைக்கிறான் என்று அர்த்தம். யாழ்ப்பாணச் சந்தையில் மீன் வாங்கிப் பழகியவனிடம் இந்த விளையாட்டு எடுபடுமா? நான் விடாப்பிடியாக நின்றேன். சார்ஜண்ட் பெருமூச்சு விட்டு, சும்மாவே தூக்கித் தந்தார். என்னுடைய கண்ணுக்கு அவர் செய்த மரியாதை என்று நினைத்துக்கொண்டேன். சார்ஜண்டின் வீட்டில் பிறந்ததுக்கு அவரைவிட ஒரு படி கூட இருக்கட்டும் என்று, வரும் வழியிலேயே மேஜர் என்று பேர் வைத்தேன்.

சந்திரகாந்தி வாசலில் நின்று பார்த்தாள். அவள் பரதநாட்டிய ஆசிரியை. எங்கள் வீட்டு நிலவறையில் பலகைத் தரை போட்டு, கிழமையில் நாலு நாள் வகுப்பு வைக்கிறவள். சுற்றுவட்டாரத்துத் தமிழ்ப் பிள்ளைகள் அறுபது பேர் அவளிடம் ஆடுகிறார்கள்.

"சாமி அறைப் பக்கம் வரக்கூடாது. என்ர சீலையில மயிர் ஒட்டக்கூடாது. ஆற்றையும் முறைப்பாடு இந்த வீட்டுப் படி ஏறக்கூடாது. ஏறினால் அண்டைக்கே ரியர்ஹைமிலை கொண்டுபோய் விட்டிடுவன்" என்றாள். ரியர்ஹைம் என்றால் கைவிடப்பட்ட நாய்களும் பூனைகளும் இருக்கும் இல்லம். அவள் சொன்னால் செய்வாள். முப்பத்தேழு வருட அனுபவத்தில் சொல்கிறேன்.

மூன்று கிழமை நான் "மேஜர், மேஜர்" என்று தொண்டை வற்றக் கூப்பிட்டேன். அவன் திரும்பவே இல்லை. பதவிக்கு ஏற்ற திமிர் என்று மகேந்திரராஜாவுக்கு விளங்கப்படுத்தினேன். நாலாம் கிழமை சந்திரகாந்தி நிலவறையில் இருந்து மேலே வந்தாள்.

"இஞ்சை வாங்கோ. கை தட்டினால் உது பாக்கேல்லை. பலகையிலை கால் தட்டினால் பாக்குது."

"அதுக்கு?"

"அதுக்கோ? உங்கடை வீரனுக்குக் காது கேக்காது. பிறவிச் செவிடு. தட்டுக் கொண்டுபோய் அடிச்சுப் பாத்து, ஆறு குட்டிக்குள்ளை ஒரு செவிடனைத் தேடிப் பிடிச்சுக்கொண்டு வந்திருக்கிறியள்."

நான் சற்று யோசித்து, "செவிடு எண்டால் முயல் திட்டினாலும் அவனுக்குக் கேக்காது, மனம் உடையமாட்டான்" என்றேன். அவள் பதில் சொல்லாமல் கீழே போய்விட்டாள். பதில் இல்லாததால் அந்த வாதத்தில் வென்றது நான் என்றே இன்றுவரைக்கும் கருதுகிறேன்.

மேஜர் அதன்பிறகு வகுப்பு நேரங்களில் நிலவறைப் பலகையில்தான் படுப்பான். ஜதி அவன் வயிற்றால் ஏறும் போல. கண் மட்டும் சந்திரகாந்தியின் கையிலேயே இருக்கும். ஒருநாள் அவள் ஒரு பிள்ளைக்கு 'நில்' என்று பதாகம் காட்டினாள், அதாவது விரல்கள் நாலும் நேராக, பெருவிரல் மடங்கிய உள்ளங்கை. பிள்ளை நிற்கவில்லை, நாய் நின்றது. கதவு இடுக்கால் பார்த்த எனக்கு வழி திறந்தது.

குளிர்காலம் முழுக்கப் பயிற்சி. முயல் தோலை ஒரு பழைய காலுறையில் சுற்றி, எறிந்து எடுப்பிக்கப் பழக்கினேன். சூசி காட்டினால், சுட்டுவிரல் காட்டும் பக்கம் போகவேண்டும். விரல்களைக் குவித்து முகுளம் காட்டினால் திரும்பி வரவேண்டும். அலபத்மம் என்று கையைத் தாமரையாக விரித்தால் வாயில் இருப்பதை விடவேண்டும். பதாகத்துக்கு நிற்கவேண்டும். எனக்குப் பதாகம் மட்டும் வரவில்லை. தொழிற்சாலையில் கம்பி சுற்றின பெருவிரல், மடங்காது. மேஜர் என் கையை உற்றுப் பார்ப்பான், முத்திரை சுத்தமில்லை என்று தெரிந்ததும் பேசாமல் போய்விடுவான். நான் மறுகையால் பெருவிரலைப் பிடித்து மடக்கிக் காட்டினால்தான் நிற்பான்.

"உங்கடை ஹஸ்தம் பிழை எண்டு நாய்க்கே தெரியுது" என்று சந்திரகாந்தி சொல்லிவிட்டுப் போவாள்.

அடுத்த கோடைக்குள் அவன் வளர்ந்து, தோளில் என் தொடை உயரம் வந்தான். அவன் ஓடியதை நான் எழுதினால் நம்பமாட்டீர்கள். ஆகவே குறைத்து எழுதுகிறேன். சூஸ்ற் பக்கம் போகும் ரயிலோடு ஒருநாள் ஓடினான். ரயில் வெட்கப்பட்டு இடையில் ஒரு நிலையத்தில் நின்றுவிட்டது. வழக்கமாக நிற்கும் நிலையம்தான் என்று மகேந்திரராஜா சொல்கிறான். அவனுக்கு என்னில் எரிச்சல்.

செப்ரெம்பரில்தான் வினை வந்தது. இங்கே முயல் இரண்டு சாதி. குழி தோண்டிக் குடும்பமாக இருக்கும் சின்ன முயல் ஒன்று. வெட்டவெளியில் தனியே படுக்கும் நெட்டைக் காதுப் பெரிய முயல் மற்றது. மேஜர் கால்வாய் வயலில் பெரிய முயல் ஒன்றைக் கிளப்பி, ஒரு கிலோமீற்றர் கலைத்துவிட்டான். அந்த வயலில் வேட்டை உரிமை ஹெர் வெஸ்ட்ஹோவ் என்ற ஜேர்மன்காரருக்கு. பச்சைத் தொப்பி, தொப்பியில் இறகு, கழுத்தில் விசில். அன்று பின்னேரம் எங்கள் வாசலில் நின்றார்.

"நாயை விட்டு முயலைக் கலைத்துப் பிடிப்பது இந்த நாட்டில் தடை. முறைப்பாடு எழுதப் போகிறேன்."

சந்திரகாந்தி என் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் நாய்ச் சங்கிலியை எடுக்கும் சத்தம் எனக்குக் கேட்டது.

"ஹெர் வெஸ்ட்ஹோவ், இது வேலை தெரிஞ்ச நாய். ஒருக்கால் வேலை குடுத்துப் பாருங்கோ" என்று கெஞ்சினேன்.

அவர் மேஜரைச் சுற்றிவந்து பார்த்தார். நெஞ்சைத் தொட்டார், பாதத்தைத் தூக்கிப் பார்த்தார். அவருடைய சொந்த நாய்க்கு இடுப்பு விட்டுப்போய் இருந்தது. ஃப்ராவ் ஷுல்ட்டே என்ற கமக்காரியின் குதிரைப் புல்வெளியில் முயல் குழிக்குள் கால்போய் ஒரு குதிரை முடமானதால், அந்த அம்மா வேறு அவரைத் தினமும் தொலைபேசியில் வறுத்துக்கொண்டிருந்தாள்.

"சரி. நவம்பரில், சனிக்கிழமை ஒரு காலை. புல்வெளிக்குள்ளே குழியில் இருந்து வரும் முயலை எடுக்கலாம். வெள்ளை நாடா வேலிக்கு அப்பால் பெரிய முயல் படுக்கிற வயல். நாயின் ஒரு பாதம் வேலியைத் தாண்டினாலும் கடிதம் போகும். நான் விசில் அடித்தால் நாய் நிற்கவேண்டும்."

"விசிலுக்கென்ன" என்றேன். பொய் இல்லை. விசிலுக்கு ஒன்றுமில்லைதானே.

கதவைச் சாத்தியதும் சந்திரகாந்தி சொன்னாள்: "கடிதம் வந்தால் நாய் போகும். நானும் அண்டைக்கு வாறன். காரிலை சங்கிலியும் நாயின்ரை தடுப்பூசிப் புத்தகமும் கொண்டுவாறன். அங்கையிருந்து நேரை ரியர்ஹைம்."

கந்தசஷ்டி விரதம் முடிந்த சனிக்கிழமை. சந்திரகாந்தி ஆறு நாள் பட்டினி கிடந்த முகத்தோடு, கம்பளிச் சால்வை போர்த்து, வேலிக்கு அப்பால் காருக்குப் பக்கத்தில் பிளாஸ்க்கோடு நின்றாள். புல்வெளிக்குள் வெஸ்ட்ஹோவ், நான், வலை தூக்க மகேந்திரராஜா. வெஸ்ட்ஹோவின் மரப்பெட்டிக்குள் இரண்டு ஃபெரெட். கீரிப்பிள்ளைக்குத் தம்பி முறையான நீளப் பிராணி. வேலை இதுதான்: குழி வாய்களில் சின்ன வலைகளைப் போட்டு, ஒரு வாயால் ஃபெரெட்டை உள்ளே விடுவது. முயல் பயந்து வெளியே பாய்ந்து வலையில் விழும். வலைக்குத் தப்பினதை நாய் எடுக்கவேண்டும்.

எந்தக் குழியில் முயல் இருக்கிறது என்று முதலில் நாய் சொல்லவேண்டும். மற்ற நாய்கள் காதாலும் மூக்காலும் சொல்லும். மேஜர் ஒரு முன்னங்காலை மண்ணில் வைத்து, வைத்தியர் நாடி பிடிப்பது போலக் கண்ணை மூடி நின்றான். பிறகு மற்றக் குழிக்குப் போய் அதேபோல.

"என்ன செய்கிறது?" என்று வெஸ்ட்ஹோவ் கேட்டார்.

"எண்ணுது" என்றேன்.

முதல் குழியில் மூன்று முயல், மூன்றும் வலையில். இரண்டாவதில் ஒன்று வலையைக் கிழித்துப் போனது. சூசி காட்டினேன். எட்டுப் பாய்ச்சல். உயிரோடு, ஒரு மயிர் நனையாமல், கொண்டுவந்து என் கையில் வைத்தான். வெஸ்ட்ஹோவ் தொப்பியைப் பின்னுக்குத் தள்ளினார். ஜேர்மன்காரன் தொப்பியைப் பின்னுக்குத் தள்ளினால் அது கைதட்டு. பத்து மணிக்குள் பதினேழு முயல். மகேந்திரராஜா ஒன்பது என்பான். அவன் விரலால் எண்ணினவன், ஒரு விரலில் கட்டுப் போட்டிருந்தது.

கடைசிக் குழி வேலியில் இருந்து அறுபது மீற்றர். அங்கேதான் எல்லாம் ஒரே நேரத்தில் நடந்தது. என் இடதுகை வலைக்குள் ஒரு முயல் விழுந்து துள்ளியது. அதே வாயால் ஃபெரெட்டும் தலையை நீட்டியது. அது திரும்ப உள்ளே போனால் பின்னேரம் மட்டும் காத்திருக்கவேண்டும் என்று வலதுகையால் பிடித்தேன். அது என் பெருவிரலைக் கவ்விக்கொண்டு தொங்கியது. அந்த நேரம் பார்த்து, நாங்கள் காணாத ஓட்டை ஒன்றால் இன்னொரு முயல் பாய்ந்து வேலியை நோக்கி ஓடியது. பின்னால் மேஜர்.

"நிப்பாட்டுங்கோ அண்ணை!" என்று மகேந்திரராஜா கத்தினான்.

வெஸ்ட்ஹோவ் விசில் அடித்தார். கால்வாயில் போன கப்பல் ஒன்று திரும்பி விசில் அடித்தது. மேஜருக்கு ஒரு காதும் அசையவில்லை. வெஸ்ட்ஹோவ் முகம் சிவந்து, இன்னும் பலமாக ஊதினார்.

பத்துப் பாய்ச்சலுக்கு ஒரு தரம் என்று சார்ஜண்ட் சொன்ன கணக்குத் தவறவில்லை. மேஜர் திரும்பி என் கையைப் பார்த்தான். ஒரு கையில் வலையும் முயலும், மற்றக் கையில் பெருவிரலோடு தொங்கும் ஃபெரெட். இப்படி ஒரு முத்திரையை அவன் எந்த வகுப்பிலும் கண்டதில்லை. விளங்காமல் முன்னுக்குத் திரும்பி ஓடினான். முயல் நாடாவுக்குக் கீழால் அப்பால் போய்விட்டது. மேஜருக்கு இன்னும் நாலு பாய்ச்சல்.

வேலிக்கு அப்பால், நேர் எதிரே, சந்திரகாந்தி. அவள் செய்யவேண்டியது ஒன்றுமே இல்லை. சும்மா நின்றால் போதும். நாய் தாண்டும், கடிதம் வரும், அவள் ஒரு வருடமாகச் சொல்லி மிரட்டியது நடக்கும். சங்கிலி கையில்தான் இருந்தது. அறுபது மீற்றருக்கு அப்பாலும் எனக்கு அவள் முகம் தெரிந்தது. பிளாஸ்க்கையும் சங்கிலியையும் புல்லில் வைத்தாள். சால்வையை இடுப்பில் சொருகினாள். முழங்கால் மடக்கி அரைமண்டியில் இருந்து, வலக்கையை நீட்டி, பதாகம் காட்டினாள்.

மேஜர் நின்றான். முன்னங்கால் ஒன்று அந்தரத்தில், நாடாவுக்கு இந்தப் பக்கம் நாலு விரற்கடை. வலை தூக்கிக்கொண்டு ஓடிய மகேந்திரராஜா ஒரு காலைத் தூக்கியபடி நின்றான். வெஸ்ட்ஹோவின் விசில் பாதியில் நின்றது. அப்பால் போன முயலும் நின்றது. அவ்வளவு சுத்தமான பதாகம். ஃபெரெட் மட்டும் என் பெருவிரலை விடவில்லை, அவள் நின்றது அதற்கு முதுகுப் பக்கம்.

பிறகு அவள் கையைக் குவித்து முகுளம் காட்டி, வேலி ஓரமாகவே நடந்து வாசலால் உள்ளே வந்தாள். மேஜர் நாடாவின் உட்புறமாக அவளுக்குச் சமமாக நடந்து வந்து அவள் காலடியில் இருந்தான்.

"என் விசிலுக்கு நிற்கவில்லையே" என்றார் வெஸ்ட்ஹோவ்.

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். சந்திரகாந்தி முந்திக்கொண்டாள். "அதுக்குக் காது கேட்காது, ஹெர் வெஸ்ட்ஹோவ். இவர் உங்களுக்கு மறைத்துவிட்டார். கையைப் பார்த்துத்தான் நிற்கும்."

அவர் விசிலைப் பார்த்தார், நாயைப் பார்த்தார். "முப்பது வருடமாகக் காது கேட்கிற நாய்களுக்கு விசில் அடிக்கிறேன். முயலுக்குப் பின்னால் போன ஒன்றுகூட நின்றதில்லை" என்றார்.

மகேந்திரராஜா இரகசியமாக, "அக்கா, ஏன் நிப்பாட்டினியள்? விட்டிருந்தால் நாய் போயிருக்குமே" என்று கேட்டான்.

"அது என்ர கையை வடிவாப் பாத்துக்கொண்டு வந்தது" என்றாள். "அறுபது பிள்ளையளுக்குப் படிப்பிக்கிறன். ஒருத்தியாவது இப்பிடிப் பாக்கிறாளோ? கண்ணெல்லாம் சுவரிலை இருக்கிற கண்ணாடியிலை. பாக்கிற பிள்ளைக்குக் கை காட்டாமல் விடேலுமோ?"

வெஸ்ட்ஹோவ் சட்டைப் பைக்குள் இருந்து கொப்பி எடுத்து, இந்தக் குளிர்காலம் முழுக்கச் சனிக்கிழமைகளில் நாய் தேவை என்றார். நாயின் பேரை எழுதினார். நாயை நடத்துகிறவர் பேர் என்ன என்று கேட்டு, பேனையோடு என்னைப் பார்த்தார். என் பெருவிரலில் இருந்து ஃபெரெட்டைக் கழற்றிக்கொண்டிருந்தபடியால் நான் கொஞ்சம் பிந்திவிட்டேன்.

"சந்திரகாந்தி" என்றாள் அவள், எழுத்துக் கூட்டியும் சொன்னாள். "சனிக்கிழமையில் பதினொரு மணிக்கு மேல் ஏலாது, வகுப்பு இருக்கு. ஏழு மணிக்கு வாறன்."

"அப்ப நான்?" என்று கேட்டேன்.

அவள் மகேந்திரராஜா தூக்கிவந்த வலைச் சாக்கைக் கண்ணால் காட்டினாள்.